செயின் மேல குத்தமில்ல

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் எப்படியாவது அவர் காதுக்குப் போய்விடும். "என் பேரப் போட்டு ஒன் எழுத்தக் கெடுத்துக்கிட்டியே அப்பு, தப்பு எம்மேலதான்" என்று போனிலேயே மன்னிப்புக் கேட்பார். அதைத் தாங்குகிற பொறுமை எனக்கு அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

போடியில் எனக்கு மருந்துக்கடை. அவருக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. வீட்டின் முன்கூடத்தில் நாலைந்து பெண்களை உட்காரவைத்து, வியாபாரிகளுக்கு ஏலக்காய் தரம் பிரித்துக் கொடுக்கும் தொழில். நான் அவரை அண்ணே என்பேன், அவர் மனைவியை மதினி என்பேன். சொந்தமில்லை, பழக்கம்தான். மகளோடு இருக்கிறோம் என்று இருவரும் திருப்பூர் போய்ச் சில வருசம் ஆகிறது. பூட்டிக் கிடக்கும் அந்த வீட்டைத் தாண்டிப் போகும்போது இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. பாசமும் வரும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முதலில் வருவது கோபம்தான்.

பஸ்ஸில் யாராவது அவர் காலை மிதித்தால், "கால நீட்டி வச்சது என் தப்பு" என்பார். ஓட்டலில் சாம்பார் உப்புக் கரித்தால், "வெத்தல போட்டு என் நாக்கு மரத்துக் கெடக்கு" என்று சப்ளையரைக் காப்பாற்றுவார். ஒருமுறை என் கடையில் வேலை பார்த்த பெண், வேறு யாருக்கோ கட்டிய மாத்திரைப் பொட்டலத்தை இவர் கையில் கொடுத்துவிட்டாள். வீடுவரை போய், பிரித்துப் பார்த்து, வெயிலில் திரும்பி வந்து, "நாந்தான் வாங்கும்போது பாக்காமப் போயிட்டேன் ஆத்தா" என்று அவளிடம் சொல்கிறார். அவளைத் திட்ட நான் வாயைத் திறந்தேன். நடுவில் வந்து நின்றுகொண்டார். அவரைத் தாண்டி யாரைத் திட்டுவது?

பிறவிக் குணமோ, தொழில் கொடுத்த குணமோ தெரியாது. வாலிபத்திலிருந்தே மலைமேல் ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்தியவர். ஸ்டோர் என்றால் கடையில்லை. பறித்த பச்சைக்காயைத் தட்டுகளில் பரப்பி, அடுப்பில் விறகு போட்டு, அறைக்குள் சூட்டைப் பரவவிட்டுக் காயவைக்கிற கட்டிடம். பச்சை மாறாமல் காய் வந்தால் எஸ்டேட்டுக்குப் பெயர். வெளுத்தாலோ வெடித்தாலோ பதில் சொல்ல வேண்டியவன் ஒரே ஆள், சூடு போட்டவன். மழையோடு மழையாகக் காயெடுத்தார்களா, பிஞ்சையும் சேர்த்து உருவினார்களா, விறகு ஈரமா என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். காய் மேல் குத்தம் சொல்லாதே என்பது அங்கே எழுதாத சட்டம். அந்தச் சட்டத்தை அப்படியே மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மலையிறங்கி வந்துவிட்டார் மனிதர்.

ஏலக்காயோடு நின்றிருந்தால் எனக்கென்ன வந்தது? என் போதாத காலம், அவருக்குச் சர்க்கரை வந்தது. சைக்கிள் ஓட்டுங்கள் என்றார் டாக்டர். அந்தச் சமயத்தில்தான் நான் மெல்லிய டயரும் வளைந்த ஹேண்டில்பாருமாக ஒரு ரோடு சைக்கிள் வாங்கி, விடியற்காலையில் தேனி ரோட்டில் பறந்துகொண்டிருந்தேன். அவருக்கும் ஆசை வந்துவிட்டது. மதுரையில் யாரோ ஓட்டிக் களைத்து விற்றதை, ஏறக்குறைய என் சைக்கிளின் உயரத்திலேயே, வாங்கிவந்தார். முந்தைய ஆள் எத்தனை காலம் மிதித்தாரோ, அந்தச் செயின் அப்படியே வந்து சேர்ந்தது.

சமதளத்தில் என் கூடவே வருவார், நன்றாகவே வருவார். ஒருநாள் முந்தலில், மலைப்பாதை தொடங்கும் இடத்தில் நின்று தண்ணீர் குடித்தோம். மேலே, கேரள எல்லையிலிருக்கும் போடிமெட்டுக்கு வளைந்து போகும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இந்த ரோட்டுல ஜீப்புல போயிருக்கேன், லாரியில மூட்ட மேல ஒக்காந்து போயிருக்கேன், பஸ்சுல தொங்கிக்கிட்டுப் போயிருக்கேன். எப்பவும் என்னய எவனாச்சும் கொண்டுபோய்த்தான் விட்டுருக்கான். ஒரு தடவையாச்சும் போடிமெட்டு வரைக்கும் கால ஊணாம, நானா ஏறணும் அப்பு."

'எனக்கு வேண்டும்' என்று அவர் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான். சரி, ஏற்றிவிடலாம் என்று நினைத்தேன். நினைத்தது என் முட்டாள்தனம்.

முதல் தடவை மூன்றாவது வளைவுகூடத் தாண்டவில்லை. ஏற்றம் செங்குத்தாகும் இடத்தில் சீட்டைவிட்டு எழுந்து நின்று மிதித்தார். படக்கென்று ஒரு சத்தம். செயின் பின்சக்கரத்துப் பல்லைவிட்டுத் தாவியது, பெடல் சட்டென்று கீழே போனது, அவர் முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது. கால் ஊன்றிவிட்டார். பின்னால் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிவந்த ஜீப் பிரேக் போட்டது. முழங்காலில் ரத்தம் வழிய, இவர் டிரைவரைப் பார்த்துக் கும்பிடுகிறார்.

"மன்னிச்சுக்கங்கண்ணே, வழிய மறிச்சுட்டேன்."

ஜீப்புக்குள்ளிருந்து ஒரு பெண், "மேல ஏறிக்கங்கண்ணே, சைக்கிளயும் சேத்துக் கட்டிக்கிருவோம்!" என்று கத்தினாள். உள்ளே ஒரே சிரிப்பு. அவரும் சேர்ந்து சிரித்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

என்னிடம் ஒரு சின்னத் தகடு உண்டு. செயினின் கண்ணிகளுக்கு நடுவே வைத்துப் பார்ப்பதற்கு. செயின் நல்லதாக இருந்தால் தகட்டின் முனை மேலேயே நிற்கும், தேய்ந்திருந்தால் உள்ளே இறங்கும். அங்கேயே ரோட்டோரம் குந்தி அவர் செயினில் வைத்தேன். கிணற்றில் போட்ட கல்லாக இறங்கியது.

"பாத்தீங்களாண்ணே? செயின் செத்துப்போச்சு."

"எப்படி அப்பு சாகும்? தெனமும் டீசல் விட்டுக் கழுவி, ஆயில் ஊத்தித் தொடைக்கிறேன். கண்ணாடியாட்டம் மின்னுது பாரு."

"வெளியில மின்னும்ணே. தேய்மானம் உள்ள இருக்கு. ஒவ்வொரு கண்ணியிலயும் ஒரு ஆணி இருக்குல்ல, அது உரசி உரசி மெலியும். ஒவ்வொரு கண்ணியும் மயிரிழை விலகுனா, மொத்தச் செயினும் நீண்டுபோகும். நீண்ட செயின் பல்லுல சரியா ஒக்காராது. சமதளத்துல ஓடிரும். ஏத்தத்துல எந்திரிச்சு மிதிச்சா தாவத்தான் செய்யும். நீங்க வண்டி வண்டியா ஆயில் ஊத்துறதுல ரோட்டு மண்ணு பூரா அதுல ஒட்டி, அம்மியில போட்டு அரைச்ச மாதிரி ஆணிய அரைச்சு எடுத்துருச்சு."

அவர் முகத்தில் தெளிவு வந்தது. அப்பாடா, புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அப்ப நான் ஆயில் விட்டது தப்பு. மிதிச்ச மிதியும் தப்பு. அதான் தேஞ்சிருக்கு."

"யாரு மிதிச்சாலும் தேயும்ணே! உங்களுக்கு முன்னாடி எவனோ வருசக்கணக்கா மிதிச்சிருக்கான்!"

"இருக்கட்டும் அப்பு. நான் செஞ்ச தப்புக்கு அத எதுக்குக் கழத்தி எறியணும்? பாவமில்ல?"

செயினுக்குப் பாவம் பார்க்கிற ஆளை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள். மழை பெய்து ஓய்ந்த காலையில் போனோம். நனைந்த மண்ணும் செயினும் சேர்ந்து நறநறவென்று அரைத்தன. பனி மூடிய காலையில் போனோம். ஒருநாள் மலைவழியில் இருக்கும் புலியூத்து வரைக்கும்கூட ஏறிவிட்டார், உட்கார்ந்தபடியே மெல்ல மெல்ல மிதித்து. அங்கே ஒரு வளைவில் எழுந்து நின்றார். படக். ஒவ்வொரு தடவையும் அந்தச் சத்தம் என் காதில் விழும். ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் வைத்திருப்பார். ராத்திரி ஒரு தோசை கூடத் தின்றுவிட்டாராம். கிளம்பும்போது மதினியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். மூச்சை விட வேண்டிய இடத்தில் இழுத்துவிட்டாராம். செயினை மட்டும் சொல்ல மாட்டார். நான் சொன்னாலும், பெற்ற பிள்ளையை ஊரார் குறை சொன்ன மாதிரி அதைத் தடவிக்கொடுப்பார்.

ஒருநாள் மதினி கடைக்கு வந்தார். முழங்காலுக்குப் பிளாஸ்திரி வாங்க. வாங்கியபிறகும் போகவில்லை.

"ஏன் தம்பி, அந்தச் சைக்கிள் என்னதான் செய்யுது?"

செயினைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

"அப்ப அவரு கால்ல ஒண்ணுமில்ல?"

"கால் இரும்பு மதினி. என்னயவிட நல்ல கால்."

"அதச் சொன்னா நம்ப மாட்டாரு தம்பி. நான் வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து அந்த வாயில ஒரே பேச்சுத்தான். தப்பு எம்மேல, தப்பு எம்மேல. பச்சைக்காய் வெளுத்தா அவரு. பால் பொங்குனா அவரு. எம் மகளுக்குக் காய்ச்சல் வந்தாலும் அவரு. கேட்டுக் கேட்டு எனக்கு காதெல்லாம் புளிச்சுப்போச்சு. ஒரே ஒரு தடவ, நெஞ்ச நிமித்தி, 'நான் ஏறிட்டேன்'னு அந்த வாயால சொல்லிக் கேக்கணும். அதுக்குத்தான் ஞாயித்துக்கெழம வெரசா எந்திரிச்சு டீ போட்டு அனுப்பிவிடுறேன். எப்படியாச்சும் ஏத்தி விட்டுருங்க."

கண் கலங்கிவிட்டது அவருக்கு. எனக்கும்தான். அன்றைக்கே புதுச் செயினுக்கும், அதோடு பின்சக்கரத்துப் பல் அடுக்குக்கும் சொல்லி வரவழைத்தேன். இரண்டும் சேர்ந்துதான் மாற்ற வேண்டும். தேய்ந்த செயின் பல்லையும் தன் இழுப்புக்குத் தகுந்தபடி தேய்த்துக் கொக்கியாக வளைத்துவிடும். அந்தப் பல்லில் புதுச் செயினைப் போட்டால் பொருந்தாது; பழையதைவிட மோசமாகத் தாவும். இதையெல்லாம் படித்துப் படித்துச் சொன்னேன். பெட்டியை அவர் வீட்டில் கொண்டுபோய் வைத்து, "தொடாதீங்க, ஞாயித்துக்கெழம நான் வந்து மாட்டுறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முந்தலில் எனக்கு முன்பாகவே வந்து நின்றார். செயின் புதுசு, பளபளவென்று. பின்பல்லைப் பார்த்தேன். பழசு.

"என்னண்ணே இது?"

"ஒனக்குக் கடைச் சோலி தலைக்கு மேல கெடக்கு. ஒன்ன எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு நானே மாட்டிட்டேன். பல்லு நல்லாத்தான அப்பு இருக்கு? நல்ல சாமானக் கழத்துறது தப்பு. அது பெட்டியிலயே இருக்கட்டும், யாருக்காச்சும் ஆகும்."

நான் வாயைத் திறப்பதற்குள் மிதித்துப் போய்விட்டார். முதல் வளைவு. படக். இறங்கிச் சரிசெய்து மறுபடி மிதித்தார். படக், படக். சைக்கிளைத் திருப்பி உருட்டிக்கொண்டு இறங்கி வந்தார். வந்த முகத்தில் வருத்தம்கூட இல்லை. ஒரு வழக்கு முடிந்த நிம்மதி.

"பாத்தியா? புதுசு போட்டும் இப்படித்தான். இனி என்ன சொல்ற? என் கால்தான் அப்பு. பாவம், அந்தப் பழைய செயின இத்தன நாளாத் திட்டித் தீத்துட்டோம்."

நான் கத்தினேன். முந்தல் செக்போஸ்டில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்குமளவுக்குக் கத்தினேன். பல் என்றேன், கொக்கி என்றேன், சொன்ன பேச்சைக் கேட்காத ஜென்மம் என்றேன், மதினி எப்படித்தான் குடும்பம் நடத்துகிறாரோ என்றேன். முழுக்கக் கேட்டுவிட்டு, தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார்.

"தண்ணியக் குடி. தொண்ட கட்டிக்கிரும். ஒன்னயக் கத்த வச்சதும் நாந்தான்."

இந்த மனிதரிடம் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அந்த வாரமே சைக்கிளை விற்கப் போவதாகச் சொல்லிவிட்டார். ஆள் வந்து பார்த்துவிட்டும் போனானாம். கடைக்கு ஓடிவந்து மதினிதான் சொன்னார். "இனி அவ்வளவுதான் தம்பி. 'எனக்கு அது குடுத்துவைக்கல'ன்னுட்டாரு. இதோட அவரு எதுக்கும் ஆசப்பட மாட்டாரு."

எனக்கு ஒரு வெறி வந்தது. பல்லும் வேண்டாம், தகடும் வேண்டாம், பேச்சும் வேண்டாம். "ஞாயித்துக்கெழம என் சைக்கிள்ல ஏறட்டும். நீங்களும் வாங்க மதினி, என் ஸ்கூட்டர்ல பின்னாடியே போவோம். அந்த வார்த்தைய நேர்லயே கேட்டுக்கங்க" என்றேன்.

என் செயினுக்கு நான் எண்ணெய் விடுவதில்லை. கழற்றி, அழுக்குப் போகக் கழுவிக் காயவைத்து, உருக்கிய மெழுகில் முக்கி எடுப்பேன். மெழுகு ஆணிவரை இறங்கி உறைந்துகொள்ளும். மண் ஒட்டாது, சத்தம் வராது, உழைக்கும். வீட்டில் ஒரு நல்ல பால் சட்டி இதற்குப் பலியானது. வாங்கிய வசவு தனி. அந்தச் சனிக்கிழமை உட்கார்ந்து, கல்யாணப் பெண்ணைச் சோடிப்பது போல அந்தச் செயினைத் தயார் செய்தேன். தகடு வைத்துப் பார்த்தேன், முனைகூட இறங்கவில்லை.

முந்தலில் சைக்கிளை வாங்க அவருக்குக் கை வரவில்லை.

"ஒன் செயின் என் காலுக்குத் தேஞ்சு போகும் அப்பு."

"தேயட்டும்! ஏறுங்க!"

"ஏறுங்கங்குறாருல்ல?" என்று ஒரு அதட்டுப் போட்டார் மதினி. ஏறிவிட்டார்.

முதல் வளைவில் எழுந்து நின்றார். தோள் இரண்டும் இறுகின, அந்தச் சத்தத்தை எதிர்பார்த்து. சத்தம் வரவில்லை. அடுத்த வளைவிலும் அப்படியே தோளை இறுக்கினார், அதற்கடுத்த வளைவிலும். புலியூத்து தாண்டியபிறகுதான் தோள் இறங்கியது. அதன்பிறகு அவர் ஏறிய ஏற்றத்தைப் பார்க்க வேண்டும். என் ஸ்கூட்டர் முக்கிக்கொண்டு வருகிறது, அவர் முன்னால் போய்க்கொண்டே இருக்கிறார். ஒரு கொண்டை ஊசி வளைவில் லோடு ஏற்றிய ஜீப் ஒன்று எதிரே வந்து, இடமில்லாமல் அவரை ஓரத்துச் சுவர்வரை நெருக்கியது. கால் பெடலைவிட்டுப் பாதி விலகியது. மதினி என் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்தார். அண்ணன் சைக்கிளை அப்படியே ஒடித்துத் திருப்பி, காலைத் திரும்பப் பெடலில் வைத்து மிதித்துவிட்டார். "ஆத்தாடி" என்றார் மதினி. மேலே போகப் போகக் குளிரும் பனியும் வந்தன. அவர் முதுகில் சட்டை ஒட்டிக் கிடந்தது. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

போடிமெட்டு வந்தது. டீக்கடை முன்னால் பிரேக் பிடித்து, அதன்பிறகுதான் காலைத் தரையில் வைத்தார்.

டீக்கடைக்காரர் மலையாளி. சைக்கிளையும் இவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"சேட்டா, முழுவனும் சவிட்டிக் கேறியோ?"

முழுக்க மிதித்தே ஏறினீர்களா அண்ணா என்று கேட்கிறார். நானும் மதினியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த வார்த்தை வர வேண்டிய இடம் இதுதான்.

அவர் மூச்சு வாங்கி முடித்து, குனிந்து, என் செயினை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"சைக்கிள் ஏறுச்சு சேட்டா. ரொம்ப நல்ல சைக்கிள்."

"அண்ணே!" என்று கத்தினேன். "ஏறுனது நீங்கண்ணே!"

"அட, நீதான அப்பு சொன்ன? கால்ல ஒண்ணுமில்ல, எல்லாம் செயின்தான், செயின்தான்னு மாசக்கணக்கா நீதான சொன்ன? என் மரமண்டைக்குத்தான் வெளங்கல. இன்னைக்கு வெளங்கிருச்சு. ஆளு அதே ஆளுதான? மாறுனது செயின் மட்டும்தான?"

அவர் சொன்னது ஒவ்வொன்றும் நான் சொன்னது. நான் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்துவிட்டு, டீயை ஊதிக் குடிக்கிறார்.

மதினி தன் டீ கிளாஸை பெஞ்சில் வைத்தார். எழுந்து நின்றார். டீக்கடைக்காரரையும், ஜீப்புக்காகக் காத்திருந்த எஸ்டேட் பெண்களையும் பார்த்து, சண்டைக்குப் போகிற குரலில் சொன்னார்.

"எங்க வீட்டுக்காரருதான் ஏறுனாரு. முந்தல்லருந்து நான் பின்னாடியே வந்தேன். இந்தக் கண்ணால பாத்தேன். ஒத்தக் கால் தரையில படல."

சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. பெண்கள் கைதட்டினார்கள். அவர் முகம் சிறுத்துப்போய், மதினியின் சேலைத் தலைப்பைப் பிடித்து மெல்ல இழுத்தார்.

"சும்மா இரு புள்ள. சைக்கிளுக்குச் சொந்தக்காரத் தம்பி பக்கத்துலதான் நிக்குது. சங்கடப்படும்."